சிந்தாத நாட்கள்

சரசு என்னை "சார்" என்று அழைத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் பத்து ஆண்டுக்கு மேலாக நான் அவளுக்கு "அண்ணே".

எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து கீழே இறங்கி, கடலோரச் சாலையில் ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு வளைவு வரும். அந்த வளைவில், வாதுமை மரத்தடியில் அவள் கடை. தகரக் கூரை, நான்கு மேசை, ஒரு தோசைக்கல். காலை ஆறரைக்குத் திறந்து பத்தரைக்கு மூடிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு நான் தினமும் பசியாறுவது அங்கேதான். வீட்டில் பசியாற ஒன்றுமில்லை என்பதல்ல. முப்பத்தைந்து ஆண்டு ஆபீசுக்குப் போனவனைக் காலை நேரத்தில் வீட்டில் வைத்துக்கொள்ள என் மனைவிக்கு விருப்பமில்லை.

அன்று பதினொரு மணிக்கு அவளே எங்கள் கதவைத் தட்டினாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. முழங்கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம்.

"சார், இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"என்ன சரசு, திடீர்னு சாரு?"

"கவர்மெண்டு கடுதாசி சார். அண்ணன்கிட்ட காட்டுற சாமான் இல்ல."

படித்தேன். மலாயில் இரண்டு பக்கம். அவள் கடையின் கழிவுநீர் பொதுச் சாக்கடையில் கலந்து துர்நாற்றம் வீசுவதாக ஆய்வில் தெரியவந்ததாம். சாக்கடையில் தேங்காய்த் துண்டுகள் காணப்பட்டனவாம். பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் கடை லைசென்ஸ் ரத்து.

"தேங்கா துண்டா?" என்றாள். "நான் பசார்ல துருவுன தேங்கா வாங்குறேன் சார். சாக்கடையில கெடந்தது ஓட்டோட இருந்திச்சு. நான் என்ன, ஓட்டோடயா சட்னி அரைக்கிறேன்?"

நியாயமான கேள்வி. ஆனால் அதை எழுதுவதற்கு எந்த விண்ணப்பப் பாரத்திலும் கட்டம் கிடையாது.

அவள் பெருநிலத்தில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிப் பினாங்குத் தீவுக்கு வந்தவள். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வீட்டோடு. அந்தக் கடையை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்புக்கு வேறு வழியில்லை. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. கடிதத்தைத் திரும்ப உறைக்குள் போடும்போது அவள் விரல்கள் சொன்னதை நான் எழுதுகிறேன்.

குப்பையின் இடைநிலையம்

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நான் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த குப்பை மாற்று நிலையம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எழுத்து வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தா ரயில்வேயில் கோப்பு எழுதினார். அப்பா சுங்கத்தில் கோப்பு எழுதினார். நான் பட்டம் வாங்கிக் குப்பைக்குக் கோப்பு எழுதினேன். பரம்பரை முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

நகரத்தார் கறுப்புப் பையைக் கட்டி வாசலில் வைத்ததும் குப்பையின் கதை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். தீவில் அதைக் கொட்ட இடமில்லை. சிறிய லோரிகள் தெருத் தெருவாக அள்ளி எங்களிடம் கொண்டுவரும். வாசலில் எடைமேடையில் ஏறி எடை போட்டு, உள்ளே கூடத்தில் கொட்டும். நாங்கள் அதை நசுக்கிப் பெரிய பெட்டிகளில் அடைத்து, பாலத்துக்கு அப்பால் பெருநிலத்துக்கு அனுப்புவோம். பத்து லோரி பாலம் கடப்பதற்குப் பதில் ஒன்று கடக்கும். எண்ணெய் மிச்சம், புகை மிச்சம். திட்டம் நல்ல திட்டம்தான். நான் அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் ஊர்க் குப்பையில் பெரும்பகுதி சாப்பாடு. மீன்கறி, மீகோரெங், டுரியான் காலத்தில் டுரியான் தோல். லோரியிலேயே அது நசுங்கி நீர் விடும். கறுப்பாக, மேலே எண்ணெய் மினுக்கத்தோடு இருக்கும். சட்டையில் பட்டால் துவைக்கக் கூடாது, சட்டையை எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு லோரிக்கும் அடியில் இந்தக் குப்பைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி உண்டு. தொட்டிக்கு ஒரு திருகு. நிலையத்துக் கூடத்தில் கொட்டும்போது அந்தத் திருகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்கள் பெரிய தொட்டிக்குப் போகும். அங்கே சுத்தம் செய்த பிறகே வெளியே விடலாம். இது விதி.

நான் பொறுப்பேற்றபோது எடைமேடை எப்போதும் நாறிக்கொண்டிருந்தது. ஏறும்போது லோரி ஆடும், ஆடும்போது தொட்டி தளும்பும். மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் மிதிப்பது அந்த மேடையைத்தான். ஆகவே ஒரு சுற்றறிக்கை எழுதினேன். எடைமேடையில் ஒரு சொட்டு சிந்தினாலும் லோரி திருப்பி அனுப்பப்படும். மூன்று முறை சிந்தினால் ஓட்டுநருக்கு ஒரு வாரம் உள்ளே நுழையத் தடை.

இரண்டே வாரத்தில் மேடை காய்ந்தது. பெரிய தொட்டியில் நீர்மட்டமும் இறங்கியது. அதை ஆண்டறிக்கையில் சுற்றுச்சூழல் சாதனை என்று நானே எழுதினேன். வாசலில் ஒரு மின்பலகை வைத்தோம். மலாயில் "சிந்தாத நாட்கள்" என்று எழுதி, கீழே சிவப்பு எண். சிந்தாத ஒவ்வொரு நாளும் ஒன்று கூடும், சிந்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பும். நான் ஓய்வு பெறும்போது அது நான்கு இலக்கத்தைத் தொட்டிருந்தது. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூசி தட்டுவது என் பொறுப்பு.

தைப்பூசத்து மறுவாரம்

பினாங்கில் தைப்பூசம் பார்த்தவர்களுக்குத் தேங்காயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரதம் வரும் வழியெங்கும் குன்று குன்றாக அடுக்கி வைத்து உடைப்பார்கள். சாலையில் இளநீர் ஓடும். பின்னாலேயே இயந்திரம் வந்து அள்ளும். பக்தி அத்தோடு முடிந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விடும். தேங்காய் எங்களிடம் வரும்.

ஒரு நாள் வெயிலில் அது புளித்துவிடும். கூடம் முழுக்கக் கள்ளுக்கடை வாசனை. "உங்கள் சாமிக்குத் தாகம் அதிகம்" என்று என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் நான் சிரிப்பேன்.

தேங்காயைத் தனியாகச் சேகரித்து எண்ணெய்க்கோ உரத்துக்கோ அனுப்பலாம் என்று ஒருமுறை யோசனை எழுதினேன். குழு அமைத்தார்கள். மூன்று கூட்டம் நடந்தது. தேநீரோடு தந்த கறிபாப் நன்றாக இருந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், சரசுவின் கடிதத்தில் இருந்த ஆய்வு நாள் தைப்பூசத்துக்கு மறுவாரம். ஓட்டோடு கிடந்த தேங்காய் எங்கிருந்து வந்திருக்கும் என்பது என் மூக்குக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. என் கண் அப்போது கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆய்வறிக்கையில் இரண்டு அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும். ஒருவர்தான் போட்டிருந்தார்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு குறை கையில் கிடைப்பது அபூர்வம். அன்று மதியமே ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பதில் எழுதினேன். மறுநாள் எட்டு மணிக்குக் கடைக்குப் போய் அவளுக்கு வாசித்துத் தமிழில் விளக்கினேன்.

சரசு தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். கடையில் நான் மறுபடி அண்ணன்.

"ரொம்ப நல்லாருக்கு அண்ணே. இது போனா தண்ணி நிக்குமா?"

"எந்தத் தண்ணி?"

"சாக்கடைத் தண்ணிதான். நாத்தம் புடிச்ச தண்ணி."

"தண்ணி நிக்காது. நோட்டீசு நிக்கும்."

"அப்ப அடுத்த மாசம் ரெண்டு கையெழுத்து போட்டு அனுப்ப மாட்டாங்களா?"

அனுப்புவார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வாங்கண்ணே" என்றாள். "நீங்க எட்டு மணிக்கு வர்றீங்க. அதுக்குள்ள நான் ரெண்டு வாளி தண்ணியும் ப்ளீச்சும் ஊத்தித் தேச்சுக் கழுவி வச்சிருப்பேன். உங்களுக்குத் தெரியறது கழுவுன எடம்."

வளைவில் ஒரு லோரி

மறுநாள் ஆறு மணிக்கு இருட்டு இன்னும் பிரியவில்லை. வாதுமை மரத்துக்குப் பின்னால் நின்றேன். இந்த வயதில் மரத்துக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்தால் யாரும் நல்லதாக நினைக்க மாட்டார்கள். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

சந்தைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இரவில் அள்ளிய முதல் லோரி வந்தது. வளைவில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, குனிந்து, அடியில் எதையோ திருகினார். சாக்கடைக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம். பிறகு வாசனை. அந்த வாசனையோடு நான் பன்னிரண்டு ஆண்டு குடித்தனம் செய்திருக்கிறேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் கறுப்பு நீரில் தேங்காய் நாரும் நக அளவு ஓட்டுத் துணுக்குகளும் மிதந்தன. தைப்பூசம் முடிந்து இத்தனை நாளான பிறகும் தொட்டியின் அடியில் தங்கியது இறங்கிக்கொண்டிருந்தது.

திருகை மூடிவிட்டு நிமிர்ந்தவரை அடையாளம் தெரிந்தது. முனியாண்டி. என் காலத்திலிருந்தே லோரி ஓட்டுகிறவர். மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"அண்ணே, என்ன இவ்ளோ காலையில? வாக்கிங்கா?"

"இங்க ஏன் தொறக்கிற?"

"அங்க போய் தொறந்தா திருப்பி அனுப்பிருவான்லா."

"உள்ள கூடத்துல தொறக்க வேண்டியதுதானே. அதுக்குத்தானே தொட்டி கட்டி வச்சிருக்கு."

"கூடத்துக்குப் போக மேடைய தாண்டணும்ல. மேடையில ஏறினா லோரி ஆடும். ஒரு சொட்டு விழும். ஒரு சொட்டு விழுந்தா லோரி வெளிய. மூணு சொட்டு விழுந்தா ஒரு வாரம் நான் வெளிய." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நல்ல ரூலுதான் அண்ணே. மேடை கண்ணாடி மாதிரி இருக்கு. எந்தப் புண்ணியவான் போட்டாரோ தெரியல."

முனியாண்டி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"சும்மா சொன்னேண்ணே. உங்க கையெழுத்து செக்யூரிட்டி கார்டு ரூம்ல இன்னும் ஒட்டியிருக்கு. லேமினேட் பண்ணி."

"எல்லாரும் இங்கதான் தொறக்கிறாங்களா?"

"மேடைக்கு முன்னாடி வேற எங்க சாக்கடை இருக்கு?"

அவர் போனார். அடுத்த லோரி வந்தது. பிறகு அடுத்தது. சரசு வாளியோடு வரும் நேரத்துக்குள் முதல் நடை லோரிகள் எல்லாம் போய்விட்டன.

பெரிய தொட்டியில் நீர்மட்டம் இறங்கியபோது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நகரம் அதே அளவு தின்கிறது, அதே அளவு எறிகிறது. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? எல்லா விதியும் தெரிந்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஏனென்றால் பாரத்தில் நீர்மட்டம் என்ற கட்டம் இருந்தது. எங்கே என்ற கட்டம் இல்லை.

அந்தச் சாக்கடை நேரே கடலில் சேர்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கடல் வற்றிய நேரம். சாக்கடை வாயில் சேறு விசிறி போல விரிந்து, தார் நிறத்தில் பளபளத்தது. முன்பெல்லாம் அங்கே பெண்கள் குனிந்து சிப்பி பொறுக்குவார்கள். அவர்கள் எப்போது வராமல் போனார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுற்றறிக்கைக்குப் பிறகாகத்தான் இருக்கும்.

எனக்கு என் மேல் கோபம்கூட வரவில்லை. சோர்வுதான் வந்தது. நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

சொன்னதும் கேட்டதும்

சரசு அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். வாளியும் தென்னந்துடைப்பமும் ஓரத்தில். அன்றைக்கும் கழுவி முடித்துவிட்டாள்.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன். அந்த ரூல போட்டது நான்தான் சரசு."

முழுவதும் சொன்னேன். மேடை, சொட்டு, தடை எல்லாம். கல்லில் தண்ணீர் தெளித்தாள். அது சீறி அடங்கியது.

"நான் என்ன நெனச்சிக்கிட்டிருந்தேன் தெரியுமா?" என்றாள். "நான் வரும்போது தூரத்துல லோரி நிக்கிறது பாத்திருக்கேன். பிரேக்கு சூடாறதுக்கு நிறுத்துறாங்கன்னு நெனச்சேன். நாத்தம் நாய்ங்க குப்பைய இழுத்துச் சாக்கடையில போடுறதாலன்னு நெனச்சேன். கடை தொறந்து வச்சு நாய்க்குக் கல்லெறிஞ்சிக்கிட்டிருந்தேன் சார்."

சார்.

அன்று மாலை இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் வாதத் திறமை எதுவும் இல்லை. எந்தச் சுற்றறிக்கை, யார் எழுதியது, அதனால் தண்ணீர் எங்கே போகிறது, அவ்வளவுதான். முனியாண்டியின் பெயரையோ எந்த லோரியின் எண்ணையோ எழுதவில்லை. பழக்கதோஷம், முதல் கடிதத்தையும் அதே உறையில் வைத்தேன். எழுத்து வேலைக்காரன் தப்பிக்க ஒரு கதவைத் திறந்தே வைப்பான்.

குளிரூட்டிய அறை

கடிதங்களைப் பார்த்து எங்களை விசாரணைக்கு அழைத்தவர் புவான் நோராய்னி என்ற பெண் அதிகாரி. ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர். எனக்கு முன்னால் அவர் உட்கார்ந்து குறிப்பெடுத்த காலம் போய், இப்போது அவருக்கு முன்னால் நானும் சரசுவும். அறை மீன் கிடங்கு போலக் குளிர்ந்தது. சரசு சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நோராய்னி மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"சார், உங்கள் முதல் கடிதமே போதும். இரண்டாவது கையெழுத்து இல்லை. நோட்டீசை இன்றே ரத்து செய்துவிடுகிறேன். இரண்டாவது கடிதத்தை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்."

"எடுத்துக்கொள்ளாவிட்டால்?"

"நான் நடவடிக்கை எடுக்க வேண்டும். சாக்கடை நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நிலையத்தின் பழைய பதிவுகளை எடுக்க வேண்டும். உங்களுக்குக் கேடயம் கொடுத்த பதிவும் அதில் வரும்." கொஞ்சம் தயங்கினார். "அதைவிட முக்கியம், சாக்கடையில் என்ன ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, முடிவு வரும்வரை அந்த இடத்தில் சாப்பாடு விற்க நான் அனுமதிக்க முடியாது. அந்த விதி உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதுவும் நான் இருந்த குழு எழுதியதுதான்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் முதல் கடிதத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆனால் மூடப்போவது என் கடையல்ல. சரசுவிடம் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன நாளு மூடணும்?"

"ஒரு மாசம் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

"இன்னிக்கே முடிச்சுக்கிட்டுப் போனா? தண்ணி?"

"வரும்."

"மறுபடி கடுதாசி?"

"அதுவும் வரும்."

அவள் மேசை மேலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள். எங்களுக்காக வைத்திருந்தது, யாரும் திறக்கவில்லை. வெளியே பொருள் ஏற்றும் லோரி ஒன்று பின்வாங்கும் ஒலி கேட்டது.

"அப்ப மூடுறேன் சார். சொல்லுங்க அவங்ககிட்ட."

சொன்னேன். நோராய்னி இரண்டாவது கடிதத்தின் மேல் முத்திரை குத்தினார். எந்தெந்த லோரிகள் என்று கேட்டார். எல்லா லோரியும் என்றேன். ஓட்டுநர்கள் என் விதிக்குக் கீழ்ப்படிந்தார்கள், அதுதான் குற்றம் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பலகையில் எண்

ஐந்து வாரம் கடை மூடியிருந்தது. சரசு வீட்டில் மாவு அரைத்துப் பொட்டலம் போட்டு எங்கள் அடுக்குமாடியில் வீடு வீடாக விற்றாள். நானும் வாங்கினேன். என் மனைவி தோசை சுட்டாள். ருசியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

சோதனை முடிவு வந்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை. சுற்றறிக்கை விலக்கப்பட்டது. எடைமேடையின் ஓரத்தில் வாய்க்கால் வெட்டிப் பெரிய தொட்டியோடு இணைத்தார்கள். லோரிகள் சொட்டிக்கொண்டே ஏறலாம், உள்ளே போய்த் திறக்கலாம். தொட்டி இப்போது அடிக்கடி நிரம்புகிறதாம். நிலையத்தில் என்னைத் திட்டுகிறார்களாம். மேடை நாறுகிறது. மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் கைக்குட்டையை எடுக்கிறார்கள். குப்பை ஒரு பிடிகூடக் குறையவில்லை. அடுத்த தைப்பூசத்துத் தேங்காயும் எங்கும் போகப்போவதில்லை. தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். சாக்கடை வாயில் சேறு இன்னும் கறுப்புத்தான். அது யாருடைய காலத்தில் வெளுக்கும் என்று நான் கணிக்கவில்லை.

கடை திறந்த காலை ஆறரைக்கே போனேன். வளைவில் எந்த லோரியும் நிற்கவில்லை. வாளி கவிழ்ந்து கிடந்தது. முனியாண்டி முதல் நடையை முடித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தே தாரிக் டீ கேட்டார்.

"அண்ணே, உங்க போர்டு கெட்டுப்போச்சுலா. தினமும் கோசோங் காட்டுது. நேத்தும் சைபர், இன்னிக்கும் சைபர்."

"கெடல முனியாண்டி. இப்பத்தான் ரிப்பேர் ஆகியிருக்கு."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடைக்குள் சரசு சிரிக்கவில்லை. தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு தோசை, ஓரத்தில் வெள்ளைச் சட்னி, நான் கேட்காமலே இன்னொரு கரண்டி.

"சட்னி போதுமா சார்?"

போதும் என்றேன். இன்றுவரை சார்தான். பழைய பெயர் வேண்டுமென்று மனுப்போட எந்தப் பாரம், எந்தக் கவுண்டர் என்று இத்தனை விதி தெரிந்த எனக்குத் தெரியவில்லை. தினமும் போய் அங்கேதான் பசியாறுகிறேன்.